ஒருவர்கூட மறுக்கவில்லை

மருத்துவ மேற்படிப்பின் இரண்டாம் ஆண்டில் என் தீசிஸுக்காக 120 பேரைச் சேர்த்து முடித்தேன். எல்லோரும் நீரிழிவு வந்து பல வருஷமானவர்கள். சிறுநீரகம் கெட ஆரம்பிப்பதை வழக்கமான பரிசோதனைகளுக்கு முன்பே காட்டிக்கொடுக்கும் புரதம் ஏதாவது ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வு. ஒரு வருஷத்துக்கு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொருவரிடமும் 10 மில்லி ரத்தம் எடுக்க வேண்டும். நான்கே மாதத்தில் எண்ணிக்கை நிறைந்துவிட்டது. துறைக் கூட்டத்தில் என் கைடு எல்லோர் முன்னாலும் சொன்னார்: "120 பேரைக் கேட்டிருக்காங்க. ஒருத்தர்கூட மறுக்கலை." அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை ஆறு மாதம் நிலைத்தது.

சம்மதம் எப்படி வாங்கினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓ.பி.யில் சர்க்கரை நோயாளிகளின் வரிசை. என் மேஜையில் மூன்று பக்கப் படிவம். முறையாக மொழிபெயர்த்து, ஆய்வுகளை நெறிப்படி சரிபார்த்து அனுமதிக்கும் எத்திக்ஸ் கமிட்டியின் முத்திரை விழுந்தது. மருந்துச் சீட்டை எழுதி முடித்ததும் அதே மூச்சில் சொல்வேன்: "அம்மா, உங்களை மாதிரி சர்க்கரை இருக்கறவங்களுக்காக ஒரு ஆய்வு பண்றோம். கொஞ்சம் ரத்தம் எடுப்போம், பயப்பட ஒண்ணுமில்லை. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க." பேனாவை நானே எடுத்து நீட்டுவேன். இரண்டு நிமிஷம் ஆகும். நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ரத்தம் எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லைதான். படிவத்தில் எல்லாமே இருந்தது: விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், சிகிச்சை பாதிக்காது. மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

ஆறாவது மாத ஃபாலோ-அப்புக்கு ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். ஒரு தடவைகூடத் தவறாதவர். கையை நீட்டும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வார், ஊசி என்றால் அவ்வளவு பயம். அன்று ரத்தம் எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நோயாளி அட்டையைப் புரட்டினேன். கண் பிரிவுக்குப் போகச் சொல்லி எட்டு மாதத்துக்கு முன்பு எழுதிய குறிப்பு இருந்தது. அதற்குப் பக்கத்தில் எந்தப் பதிலும் இல்லை. ஓ.பி.க்கு வந்தே ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"ஏம்மா, கண்ணு டாக்டரைப் பார்க்கலையா?"

"எதுக்குங்க டாக்டரம்மா? நீங்கதான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பார்க்கறீங்களே. ஏதாவது இருந்தா சொல்லியிருக்க மாட்டீங்களா?"

அவர் ரத்தத்தை யாருமே பார்த்திருக்கவில்லை.

அது மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் இருந்தது. எடுத்த ரத்தத்தைச் சுழற்றிச் சீரத்தைப் பிரித்து, அரை மில்லி அளவாகச் சின்னக் குப்பிகளில் ஊற்றி, எண் எழுதி, அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்துவிடுவோம். புரதத்தை அளக்கும் எலைசா தட்டில் 96 குழிகள். கிட் விலை உயர்ந்தது. நாளுக்கொரு தட்டு ஓட்டினால் தட்டுக்குத் தட்டு அளவு வேறுபடும். அதனால் எல்லா மாதிரியும் சேர்ந்த பிறகு மொத்தமாக ஓட்டுவதுதான் வழக்கம். அறிவியல்படி அது சரி. அவருடைய முதல் குப்பிக்கு முடிவு வர இன்னும் ஒரு வருஷம் இருந்தது. வந்தாலும், அந்த எண்ணை வைத்து அவருக்கு மருந்தை மாற்ற முடியாது. அந்தப் புரதத்துக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதற்காகத்தானே ஆய்வே!

இதை அவரிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை பஞ்சை அழுத்தியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப இத்தனை நாளா என்னை யாரும் பார்க்கலையா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. விளங்கிக்கொள்ளத்தான் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்கே கண் பிரிவுக்கு நானே கூட்டிப்போனேன். விழித்திரையில் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தன. லேசர் செய்ய வேண்டியிருந்தது, செய்தார்கள். பார்வை பெரும்பாலும் தப்பியது. ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. நான் அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து படிவத்தை எடுத்து, அவர் இடத்தில் உட்கார்ந்து படித்தேன். முதல் வரியிலேயே அகப்பட்டது: "இந்தப் பரிசோதனையில் பங்கேற்க நான் முழு மனதுடன் சம்மதிக்கிறேன்." நம் மொழியில் 'பரிசோதனை' என்றால் என்ன? ரத்தப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை, கண் பரிசோதனை. டாக்டர் நம்மைச் சோதித்து, நமக்கு என்ன என்று நமக்கே சொல்வது. புதிதாக ஒன்றைக் கண்டறிய ஆய்வாளர் செய்து பார்ப்பதற்கும் அதே சொல்தான். ஆய்வாளர் ஒரு பொருளில் எழுதுகிறார், நோயாளி இன்னொரு பொருளில் படிக்கிறார். இருவர் படிப்பதும் சரியான தமிழ். நடுவில் கையெழுத்து விழுந்துவிடுகிறது. அந்த அம்மா படிவத்தைப் படிக்காமல் ஏமாந்துபோனவர் இல்லை. அதில் எழுதியிருந்ததைத்தான் நம்பினார்.

ஆய்வைச் சிகிச்சை என்று நினைத்துக்கொள்ளும் இந்த மயக்கத்துக்கு மருத்துவ நெறியியலில் ஒரு பெயரே உண்டு, 1982-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதை நான் தேர்வுக்குப் படித்திருந்தேன். மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

மறுநாள் கைடிடம் போய்ச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மத்த 119 பேரும் என்ன நினைச்சுக்கிட்டிருக்காங்கன்னு நமக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. நடந்ததை எழுதி எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுத்தோம். படிவத்தைத் திருத்தி, எல்லோரிடமும் மறுபடி சம்மதம் கேட்பதாகச் சொன்னோம். அந்தக் கமிட்டியில் மருத்துவம் சாராத உறுப்பினர் ஒருவர் இருந்தார், பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. முதல் தடவை எங்கள் ஆய்வு வந்தபோது அவர் அதிகம் பேசவில்லை. இந்தத் தடவை ஒன்றே ஒன்று கேட்டார்: "எப்ப வேணும்னாலும் விலகலாம்னு போட்டிருக்கீங்க. யார்கிட்டச் சொல்லி விலகறது? எனக்கு மருந்து எழுதற டாக்டர்கிட்டயேவா?"

அறையில் இருந்த டாக்டர்கள் யாருக்கும் பதில் வரவில்லை. படிவத்தில் போட்டிருந்த தொலைபேசி எண் என்னுடையது.

மறுபடி கேட்டபோது 11 பேர் விலகினார்கள். ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அப்பவே வேண்டாம்னு சொல்லணும்னுதாம்மா நினைச்சேன். நீங்க பேனாவை நீட்டிட்டீங்க."

அதற்குப் பிறகுதான் ஆய்வு நெறியின் வரலாற்றை நான் உண்மையிலேயே படித்தேன். அதுவரை எனக்கு அது ஆண்டுகளின் பட்டியல்: 1947 நியூரம்பெர்க் நெறி, 1964 ஹெல்சிங்கி பிரகடனம், 1979 பெல்மான்ட் அறிக்கை. டஸ்கிகீ என்றால் நடுங்க வேண்டும் என்று தெரியும், எங்கே நடுங்க வேண்டும் என்று தெரியாது. 1932-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் தொடங்கிய ஆய்வு அது. 600 கறுப்பின ஆண்கள். அவர்களில் 399 பேருக்கு சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய். சிகிச்சை கொடுக்காமல் விட்டால் நோய் எப்படிப் போகிறது என்று 40 வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதைக் குணப்படுத்தும் பென்சிலின் கைக்கு வந்த பிறகும் கொடுக்கவில்லை. இதெல்லாம் பாடத்தில் வரும். என்னை உலுக்கியது வேறொரு துண்டு. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பதற்காக அந்த ஆண்களை வரவழைத்த கடிதத்தில், இது இலவசமான தனிச் சிகிச்சைக்கான கடைசி வாய்ப்பு என்று எழுதியிருந்தார்கள். ஆய்வுக்கான ஊசியைச் சிகிச்சை என்றார்கள். அவர்களும் தங்களை யாரோ கவனித்துக்கொள்கிறார்கள் என்று நம்பி வந்தார்கள்.

அங்கே திட்டமிட்டு ஏமாற்றினார்கள், நான் அப்படிச் செய்யவில்லை. இரண்டையும் ஒன்றாக வைக்க மாட்டேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் பக்கத்திலிருந்து பார்த்தால்? கையை நீட்டியவர் மனத்தில் இருந்த நம்பிக்கை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

அந்த ஆய்வு ரகசியமாக நடந்ததில்லை என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அதன் முடிவுகள் மருத்துவ இதழ்களில் வெளிவந்துகொண்டே இருந்தன. எத்தனையோ டாக்டர்கள் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்கள். பீட்டர் பக்ஸ்டன் என்ற சுகாதாரத் துறை ஊழியர் 1966-இல் மேலிடத்துக்கு எழுதினார். அவர் டாக்டர் இல்லை. எழுதியும் ஒன்றும் நடக்கவில்லை. 1972-இல் விஷயம் பத்திரிகைக்குப் போன பிறகுதான் ஆய்வு நின்றது. பயிற்சி பெற்ற கண்களுக்குத் தெரியாதது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று மாணவர்களிடம் கேட்கிறேன். ஒவ்வொரு வருஷமும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

அதே 1966-இல் ஹென்றி பீச்சர் என்ற மயக்கவியல் பேராசிரியர் 22 ஆய்வுகளை எடுத்துக்காட்டி ஒரு கட்டுரை எழுதினார். எல்லாம் பெயர்பெற்ற இடங்களில், மதிப்புக்குரியவர்கள் செய்தவை. சம்மதம் கேட்பது அவசியம் என்று சொல்லிவிட்டு அவர் ஒரு படி மேலே போகிறார். நோயாளிக்கு அதைவிட உறுதியான காப்பு, விஷயம் தெரிந்த, மனச்சாட்சியும் இரக்கமும் உள்ள, பொறுப்பான ஆய்வாளர் ஒருவர் பக்கத்தில் இருப்பதுதான் என்கிறார். மனச்சாட்சியை மட்டும் நம்பக்கூடாது, விதிகள் வேண்டும் என்று அதற்குப் பிறகு உலகம் கற்றுக்கொண்டது. நியாயம்தான். ஆனால் இன்று நாம் கொடுக்கும் பயிற்சியில் விதி மட்டும் மிஞ்சி, அந்த ஆளை உருவாக்கும் வேலை விட்டுப்போய்விட்டது. கணினி முன் உட்கார்ந்து சில மணி நேரத்தில் பாடங்களைத் தட்டி முடித்து, கேள்விகளுக்கு விடை சொடுக்கி, நல்ல ஆய்வு நடைமுறை தெரியும் என்பதற்கான ஜி.சி.பி. சான்றிதழை அச்சடித்துக்கொள்ளலாம். அந்தச் சான்றிதழ் என்னிடமும் இருந்தது. நான் பேனாவை நீட்டிய நாளில் அது செல்லுபடியாகிக்கொண்டிருந்தது.

இப்போது நான் கைடாக இருக்கிறேன். என் மாணவர்களை முதல் மூன்று வாரம் யாரையும் ஆய்வில் சேர்க்க விடுவதில்லை. முதல் வாரம் அவர்களே பங்கேற்பாளர்கள். ஒரு மாணவர் நோயாளியாக உட்காருவார், இன்னொருவர் சம்மதம் கேட்பார். கேட்பவர் நின்றபடியும், நோயாளி கட்டிலில் படுத்தபடியும் ஒரு தடவை. இருவரும் சமமாக உட்கார்ந்து இன்னொரு தடவை. படுத்திருந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், "வேண்டாம்னு சொல்ல வாய் வரலை மேடம்" என்பார்கள். நான் விளக்கினால் அரை மணி நேரம் ஆகும் விஷயம் இது.

இரண்டாவது வாரம் மொழி. படிவத்தை வரி வரியாக எடுத்து, மருத்துவமனைக்கே வராத தங்கள் வீட்டார் ஒருவரிடம் படித்துக் காட்டி, என்ன விளங்கியது என்று எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது புதிதாக அகப்படும். "மருந்தைக் கணினி தேர்வு செய்யும்" என்று ஒரு படிவத்தில் இருந்தது. ஒரு மாணவியின் பாட்டி, "அப்ப நல்லதாத்தான் தேர்ந்தெடுக்கும்" என்று சொல்லியிருக்கிறார். கணினிக்கு நம்மைப் பற்றித் தெரியும், நமக்கு ஏற்றதைக் கொடுக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இப்போது, "நாணயத்தைச் சுண்டிப் போடுகிற மாதிரி. உங்களுக்கு எது நல்லது என்று பார்த்துக் கொடுப்பதில்லை. எது நல்லது என்று எங்களுக்கே இன்னும் தெரியாது" என்று எழுதுகிறோம். கடைசி வாக்கியத்தைச் சேர்க்கப் பலர் தயங்குகிறார்கள், டாக்டர் வாயிலிருந்து 'தெரியாது' வரலாமா என்று. அதைச் சொல்லாவிட்டால் ஆய்வு எதற்கு?

'தகவலறிந்த ஒப்புதல்' என்ற தலைப்பைப் பார்த்து ஒரு பெரியவர், "தகவலை அறிஞ்சது யாரு?" என்று கேட்டாராம். கேட்க வேண்டிய கேள்வி. இப்போது எங்கள் படிவங்களில் 'பரிசோதனை' என்ற சொல் ஆய்வைக் குறித்து எங்கும் வராது. முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் மூன்று வரி இருக்கும்: "இது ஆராய்ச்சி, உங்களுக்கான சிகிச்சை அல்ல. இதற்காக எடுக்கும் ரத்தத்தின் முடிவு உங்களுக்கு வராது. உங்கள் வழக்கமான டாக்டரைப் பார்ப்பதை நிறுத்த வேண்டாம்."

வாயில் புழங்கும் சொல்லையும் மாற்றச் சொல்கிறேன். "இன்னிக்கு எத்தனை சப்ஜெக்ட் கிடைச்சது?" என்றுதான் ஆய்வில் சேர்பவர்களைப் பற்றி மாணவர்கள் கேட்டுக்கொள்வார்கள். ஹெல்சிங்கி பிரகடனமே 2024 திருத்தத்தில் அந்தச் சொல்லைக் கைவிட்டுப் பங்கேற்பாளர் என்று மாற்றிக்கொண்டது. எனக்கு அதைவிட உறுத்துவது "கன்சென்ட் வாங்கியாச்சா?" என்பதுதான். வாங்குவது என்றால், வாங்கிக்கொண்டு வந்தால்தான் வேலை முடியும், வெறுங்கையோடு வந்தால் தோல்வி. கேட்பது என்றால் 'வேண்டாம்' என்பதும் ஒரு பதில். "கன்சென்ட் கேட்டாச்சா?" என்று சொல்லிப் பழகியவர்கள் அடுத்த கேள்வியைத் தாங்களே கேட்பதைப் பார்த்திருக்கிறேன்: "என்ன சொன்னாங்க?"

மூன்றாவது வாரம் என்னோடு ஓ.பி.யில் நின்று கவனிக்க வேண்டும். விளக்கி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்கக் கூடாது. அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். டாக்டரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற மரியாதை அது. நான் இப்படிக் கேட்பேன்: "நான் சரியா விளக்கினேனான்னு பார்க்கணும். வீட்டுக்குப் போனதும் இன்னிக்கு ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?" அவர் சொல்வதில் மூன்று விஷயம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இது யாருக்காக? தனக்கு இதனால் நேராக ஏதாவது கிடைக்குமா? வேண்டாமென்றால் என்ன ஆகும்? ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி விளக்க வேண்டும். அன்றே கையெழுத்து வேண்டாம்; படிவம் வீட்டுக்குப் போய் வரட்டும். மருந்து எழுதுகிறவரும் சம்மதம் கேட்கிறவரும் ஒரே ஆளாக இருக்கவும் கூடாது. சிகிச்சைக்காக டாக்டரை நம்பியிருக்கும் நோயாளியிடம், அந்த உறவுக்கு வெளியே உள்ள, தகுதியான ஒருவர் கேட்க வேண்டும் என்று ஹெல்சிங்கி பிரகடனம் தெளிவாகச் சொல்கிறது. அந்த ஆசிரியை கேட்டதும் இதைத்தான். ஆள் பற்றாக்குறை என்பார்கள். எங்கள் துறையில் ஒருவர் ஆய்வுக்கு இன்னொரு மாணவர் சம்மதம் கேட்கிறார், மாற்றி மாற்றி. கூடுதல் ஆள் தேவைப்படவில்லை.

தரவு பற்றியும் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன்பு என் மாணவர் ஒருவரின் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்த அழுத்த எண்கள் பெரும்பாலும் பூஜ்யத்தில் முடிந்தன: 130/80, 140/90. அது மட்டுமென்றால் கவலை இல்லை. கையால் அளக்கும்போது கண் தானாகப் பூஜ்யத்துக்கு ஓடும், அளப்பவர்களிடம் இது எங்கும் உள்ள பழக்கம். ஆனால் மூன்றாம் மாதத்தில் 14 பேருக்கு முதல் மாத எண் மாறாமல் அப்படியே வந்திருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். மழுப்பவில்லை. "அன்னிக்கு வார்டுல ரெண்டு பேர் சீரியஸ் மேடம். ஃபாலோ-அப் வந்தவங்களை ரத்தம் மட்டும் எடுத்து அனுப்பிட்டேன். காலியா விட்டா கேப்பீங்கன்னு..." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

"கேப்பீங்கன்னு" என்ற சொல் என்னைத்தான் குத்தியது. காலிக் கட்டத்தைக் கண்டால் நான் முகம் சுளிப்பேன் என்று அவர் அறிந்திருந்தார். காலிக் கட்டம் உண்மை, நிரப்பிய கட்டம் பொய் என்பதை நான் ஒரு நாளும் சொல்லியிருக்கவில்லை. அந்த 14 எண்களையும் நீக்கினோம். அழித்து எழுதவில்லை. ஒரே கோடு, அடியில் இருந்த எண் படிக்கத் தெரிகிற மாதிரி, பக்கத்தில் தேதி, சுருக்கொப்பம், காரணம். கமிட்டிக்கு எழுதினோம். தீசிஸிலேயே, குறைபாடுகள் என்ற பகுதியில், இத்தனை அளவுகள் எடுக்கப்படவில்லை என்று அவர் கையாலேயே எழுதினார். தேர்வாளர் அதைப் படித்துவிட்டு நிறையக் கேட்டார். மாணவர் எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொன்னார். தேறினார்.

இப்போது யாராவது முழுக்க நிரம்பிய அட்டவணையைக் கொண்டுவந்தால் முதலில் மூலப் பதிவைக் கேட்கிறேன். எந்த நேரம், யார் எழுதியது, அப்போதே எழுதியதா அல்லது சாயங்காலம் நினைவிலிருந்து எழுதியதா. சந்தேகப்பட்டுக் கேட்பதில்லை. காலியாக விடலாம் என்று அவர்கள் அறிந்துகொள்ள அது ஒரு வழி.

ஆய்வில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், கற்பிப்பதில் அந்தக் கவனத்தை அப்படியே கழற்றி வைத்துவிடுகிறோம். மாணவியாக இருந்தபோது அறுவை அரங்கில் நாங்கள் ஐந்து பேர் கையுறை மாட்டி வரிசையில் நின்றோம். மேஜையில் மயக்கத்தில் ஒரு பெண். இடுப்பறைப் பரிசோதனை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்றார்கள்: தசை தளர்ந்திருக்கும், வலிக்காது. ஒருவர் பின் ஒருவராகச் செய்தோம். அந்தப் பெண்ணிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவர் முகம் பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் இருந்தது. பெயர்கூட எனக்குத் தெரியாது.

நியூசிலாந்தில் 1988-இல் வெளிவந்த கார்ட்ரைட் விசாரணை அறிக்கையை அதனால்தான் என் மாணவர்களுக்கு விரிவாகச் சொல்கிறேன். கருப்பை வாயில் புற்றுக்கு முந்தைய மாற்றம் இருந்த பெண்களுக்கு, வழக்கமான சிகிச்சை முழுமையாகக் கொடுக்காமல், வெறுமனே பார்த்துக்கொண்டு வந்த ஒரு மருத்துவமனை ஆய்வைப் பற்றிய விசாரணை அது. விசாரிக்கப் போன இடத்தில், மயக்கத்தில் இருந்த பெண்களை மாணவர்கள் அனுமதியின்றிச் சோதித்ததும் சேர்ந்து வெளியே வந்தது. ஒரே இடத்தில் இரண்டும் இருந்தது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. அங்கே 1996-இல் நடைமுறைக்கு வந்த நோயாளிகளின் உரிமை விதி, சிகிச்சைக்குள்ள உரிமைகள் அத்தனையும் ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் பொருந்தும் என்று சேர்த்தே சொல்கிறது.

எங்கள் அரங்கில் இப்போது அறுவைக்கு முந்தைய நாள் மாணவரே போய்ப் பெயரைச் சொல்லி, "நான் மாணவி, இன்னும் கத்துக்கிட்டிருக்கேன். நாளைக்கு நீங்க மயக்கத்துல இருக்கும்போது நான் ஒரு தடவை சோதிச்சுப் பார்க்கலாமா? வேண்டாம்னா வேண்டாம்" என்று கேட்க வேண்டும். எல்லோரும் மறுத்துவிடுவார்கள், மாணவர்கள் எப்படிக் கற்பார்கள் என்று மூத்தவர்கள் பயந்தார்கள். பலர் சம்மதிக்கிறார்கள். "நல்லாக் கத்துக்கோ கண்ணு" என்று ஒரு அம்மா தலையைத் தடவி அனுப்பினாராம். மறுப்பவர்களும் உண்டு, அன்றைக்கு அந்த மாணவி கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

கட்டுரையில் யார் பெயர் போடுவது என்ற சண்டையைப் பற்றி ஒரே விஷயம்: ஆய்வு தொடங்கும் நாளிலேயே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளையும் நிறைவு செய்தவர் பெயர் மட்டும்: திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், வேலை முழுவதற்கும் பொறுப்பேற்பது. கடைசி நிபந்தனையை உரக்கப் படித்தால் மரியாதைக்காகப் பெயர் கேட்பவர்கள் பெரும்பாலும் தாங்களாகவே விலகிக்கொள்கிறார்கள்.

என் ஆய்வின் தட்டுகள் ஒரு வருஷம் கழித்து ஓடின. அந்தப் புரதம் எதையும் முன்கூட்டிக் காட்டவில்லை. அதையும் எழுதி வெளியிட்டோம். அந்த அம்மா விலகாத 109 பேரில் ஒருவர். மறுபடி சம்மதம் கேட்டபோது மூன்று வரியையும் விரல் வைத்துப் படித்துவிட்டு, "எனக்கு இல்லேன்னா என்ன, பின்னால வர்றவங்களுக்கு" என்று கையெழுத்திட்டார். கடைசி நாளில், முடிவு என்ன என்று கேட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை என்றேன். "அதுவும் தெரிஞ்சுக்கிட்டதுதானே" என்றார்.

ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம்: யாரைக் கேட்டோம், என்ன சொன்னார்கள். யாருமே மறுக்காத பதிவேடு வந்தால் அந்த மாணவரோடு ஒரு நாள் ஓ.பி.யில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். போன வாரம் புதிய மாணவி தன்னுடையதைக் கொண்டுவந்தாள். 19 பேரைக் கேட்டிருந்தாள். 6 பேர் வேண்டாம் என்றிருந்தார்கள். குறைவாகச் சேர்த்துவிட்டோமோ என்று தயங்கித் தயங்கி நீட்டினாள். ஆறாவது பெயருக்கு எதிரே, கட்டத்துக்குள் அடங்காமல் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள்: "படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் இதைச் சொல்வதற்காகவே வந்து, வேண்டாம் என்றார்." பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.